மார்ஷல் சாலின்ஸைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: எது முதலில், எது பிறகு

பொருளாதார மானிடவியலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேள்விப்படும் பெயர்களில் ஒன்று மார்ஷல் சாலின்ஸ். அவருடைய 'ஸ்டோன் ஏஜ் எகனாமிக்ஸ்' 1972-ல் வந்தது. இன்றும் அந்தப் புத்தகம் இல்லாத பாடத்திட்டம் அபூர்வம். பலர் அதை ஆசையோடு எடுக்கிறார்கள், முதல் கட்டுரையை ஒரே மூச்சில் முடிக்கிறார்கள், இரண்டாம் அத்தியாயத்தில் அட்டவணைகளும் வரைபடங்களும் வந்ததும் மூடிவைத்துவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் மனதில் ஒரே ஒரு வரிதான் நிற்கிறது: வேட்டையாடி வாழ்ந்தவர்கள் குறைவாக உழைத்தார்கள், நிறைவாக இருந்தார்கள்.

சாலின்ஸ் சொல்ல வந்ததில் அது ஒரு ஓரம் மட்டும்தான். மனிதர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள், எவ்வளவு போதும் என்கிறார்கள், யாருக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறார்கள், யாரிடம் பேரம் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் அவர்களுடைய உறவுமுறையும் அதிகாரமும்தான் தீர்மானிக்கின்றன என்று ஆறு கட்டுரைகளில் வேறு வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறார். இந்த இழையைப் பிடித்துக்கொண்டால் வறண்ட பக்கங்கள்கூடப் பேசத் தொடங்கும். அதைப் பிடிக்க உதவும் ஒரு வரிசையைத்தான் இங்கே தருகிறேன். புத்தகத்தின் அத்தியாய வரிசை இது அல்ல.

தொடங்கும் முன்: ஆளையும் சண்டையையும் தெரிந்துகொள்ளுங்கள்

சாலின்ஸ் 1930-ல் சிகாகோவில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1954-ல் முனைவர் பட்டம் வாங்கி, ஃபிஜியின் மோவாலா தீவில் களப்பணி செய்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். வியட்நாம் போரை எதிர்த்து 1965-ல் அங்கே இரவு முழுக்க வகுப்புகள் நடந்தன. அந்த யோசனையை முன்வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அறுபதுகளின் கடைசியில் இரண்டு ஆண்டுகள் பாரிஸில் இருந்தார். 1973-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 2021 ஏப்ரலில் காலமானார்.

பாரிஸ் ஆண்டுகளை மனதில் வையுங்கள். அதற்கு முன்பு எழுதியவற்றில் சுற்றுச்சூழல், பரிணாமம், தொழில்நுட்பம் ஆகியவை முன்னால் நிற்கும். பின்பு எழுதியவற்றில் பண்பாடும் அர்த்தமும் முன்னால் வரும். 'ஸ்டோன் ஏஜ் எகனாமிக்ஸ்' இந்த இரண்டு காலத்திலும் எழுதிய கட்டுரைகளைச் சேர்த்துக் கட்டியது. அதனால்தான் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் குரல் மாறுகிறது. இது தெரியாமல் படித்தால் ஆசிரியர் தனக்குத்தானே முரண்படுவதுபோலத் தோன்றும்.

சண்டை எதைப் பற்றி? அறுபதுகளில் பொருளாதார மானிடவியலாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். மனிதருக்கு ஆசை எல்லையற்றது, வழிகள் குறைவு, ஆகவே எந்தச் சமூகமாக இருந்தாலும் மனிதர்கள் கணக்குப் போட்டுத் தேர்வு செய்கிறார்கள் என்றது ஓர் அணி. கார்ல் பொலானி வழியில் வந்த மற்றோர் அணி, பிழைப்பு என்பது உறவு, மதம், அரசு போன்ற அமைப்புகளுக்குள் புதைந்து நடப்பது, சந்தையின் தர்க்கத்தை எல்லாக் காலத்துக்கும் நீட்ட முடியாது என்றது. சாலின்ஸ் தன் முன்னுரையிலேயே இரண்டாவது அணியில் நிற்பதைச் சொல்லிவிடுகிறார். இந்த அளவு பின்னணி போதும். அந்த விவாதத்தின் பழைய கட்டுரைகளைத் தேடிப் போய் இப்போதே மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முதல் படி: முதல் கட்டுரையை இரண்டு முறை படியுங்கள்

1966-ல் சிகாகோவில் வேட்டைச் சமூகங்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே சாலின்ஸ் பேசியதிலிருந்து வளர்ந்ததுதான் 'தி ஒரிஜினல் அஃப்ளூயன்ட் சொசைட்டி' என்ற இந்தக் கட்டுரை. வாதம் எளிது. நிறைவு அடைய இரண்டு வழி உண்டு. நிறைய உற்பத்தி செய்து ஆசைகளை எட்டிப் பிடிக்கலாம். அல்லது ஆசைகளையே குறைவாக வைத்துக்கொண்டு, இருக்கும் வழிகளே தாராளம் என்று வாழலாம். வேட்டையாடிகள் இரண்டாவது வழியில் போனவர்கள், அவர்களை ஓயாமல் பசியோடு போராடியவர்களாகப் பார்ப்பது நம் சொந்தப் பொருளாதாரத்தின் பற்றாக்குறையை அவர்கள் தலையில் ஏற்றுவது என்கிறார்.

முதல் முறை வாதத்துக்காக மட்டும் படியுங்கள். எண்களைத் தாண்டிப் போங்கள். இரண்டாவது முறை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு எண் வரும்போதும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யாரைப் பார்த்தார்கள், எத்தனை பேர், எத்தனை நாள், எதை 'வேலை' என்று எண்ணினார்கள். இந்தக் கட்டுரையில் இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறு இல்லை.

உதாரணத்துக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்ட் தரவு. 1948-ல் நடந்த ஓர் ஆய்வுப் பயணத்தில் மெக்கார்த்தி, மெக்ஆர்தர் என்ற இருவர் சேகரித்தது, 1960-ல் வெளியானது. ஃபிஷ் கிரீக் முகாமில் ஆண்கள் உணவு தேடவும் சமைக்கவும் நாளுக்குச் சராசரியாக 3 மணி 50 நிமிடம், பெண்கள் 3 மணி 44 நிமிடம் செலவழித்தார்கள். ஹெம்பிள் பே முகாமில் இருபாலாருக்கும் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபிஷ் கிரீக்கில் பார்த்தது இரண்டு வாரம். அந்த முகாமில் இருந்தவர்கள் பெரியவர்கள் மட்டுமே, பத்துப் பேர்கூட இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உணவு தேடும் தாய் அந்தக் கணக்கில் இல்லை என்பது நோட்டில் எழுதும்போதுதான் உறைக்கும்.

அடுத்தது கலஹாரி பாலைவனத்தின் டோபே பகுதி. 1964-ல் மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்களை நான்கு வாரம் பார்த்து எழுதியது: பெரியவர்கள் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம்தான் உணவுக்காக உழைத்தார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 2,140 கலோரி கிடைத்தது. இங்கே 'வேலை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? உணவு தேடப் போன நேரம். கொட்டை உடைப்பது, சமைப்பது, கருவி செய்வது, விறகு, தண்ணீர் எதுவும் அதில் சேரவில்லை. ஆர்னம் லேண்ட் கணக்கில் சமையல் சேர்ந்திருக்கிறது, டோபே கணக்கில் சேரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலின்ஸ் அந்த வாழ்க்கையைச் சொர்க்கமாக வரையவில்லை. ஓரிடத்தில் இரை குறைந்தால் நகர வேண்டும். நகர வேண்டுமானால் சுமை குறைய வேண்டும். அந்தச் சுமைக் கணக்கில் பொருள்கள் மட்டும் இல்லை, தூக்கிச் செல்ல முடியாத குழந்தைகளும் நடக்க முடியாத முதியவர்களும்கூட வந்துவிடுகிறார்கள் என்பதை அவரே எழுதியிருக்கிறார். மேற்கோள் மட்டும் எடுத்துப் பகிர்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: உடனே எதிர்வாதத்துக்குப் போங்கள்

புத்தகத்தை முடித்துவிட்டு விமர்சனம் படிக்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். முதல் கட்டுரை சூடாக இருக்கும்போதே படிக்க வேண்டும்.

முதலில் ரிச்சர்ட் லீயே 1979-ல் எழுதிய புத்தகம். கருவி செய்யும் நேரத்தையும் வீட்டு வேலையையும் சேர்த்ததும் வாரத்துக்கு ஆண்களுக்கு 44.5 மணி, பெண்களுக்கு 40.1 மணி என்று கணக்கு மாறியது. 15 எங்கே, 40 எங்கே! ஆனால் அவசரப்பட்டு "சாலின்ஸ் பொய்த்துப்போனார்" என்று முடிவு கட்ட வேண்டாம். சமையலையும் விறகையும் சேர்த்து எண்ணுவதென்றால், சம்பள வேலை பார்க்கிறவருக்கும் அலுவலக நேரத்தோடு வீட்டு வேலையைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்தால் இடைவெளி முழுவதும் மறைந்துவிடாது.

அடுத்து இரண்டு கட்டுரைகள். நூரித் பேர்ட்-டேவிட் 1992-ல் எழுதியது, டேவிட் கப்ளன் 2000-ல் எழுதியது. கப்ளன் தரவுகளின் பலவீனத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப்போடுகிறார்: நோய், குழந்தை இறப்பு, பசிக்காலம் எல்லாம் எங்கே போயின என்று கேட்கிறார். பேர்ட்-டேவிட் வேறு பக்கம் போகிறார். வேலை நேரத்தை எண்ணுவதைவிட, காட்டைத் தங்களுக்குக் கொடுக்கும் ஒன்றாக அந்த மக்கள் பார்க்கிற பார்வையிலிருந்துதான் அவர்களுடைய நம்பிக்கையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். எனக்கு இந்த இரண்டில் பேர்ட்-டேவிட்டின் கட்டுரைதான் நெருக்கமானது. அவர் சாலின்ஸை மறுத்து ஒதுக்காமல், சாலின்ஸ் பாதியில் விட்ட வேலையைத் தொடர்கிறார்.

என் முடிவு இது: எண்கள் தளர்ந்துவிட்டன, கேள்வி தளரவில்லை. பற்றாக்குறை என்பது இயற்கையில் கிடக்கும் ஒன்றா, ஒரு சமூக ஏற்பாடு உண்டாக்குவதா என்பதுதான் கேள்வி. கட்டுரையின் கடைசியில் வறுமையைப் பொருள்களின் குறைவாகப் பார்க்காமல் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான உறவாகப் பார்க்கச் சொல்கிறார். அந்தப் பத்திக்காகவே மூன்றாவது முறையும் படிக்கலாம்.

மூன்றாம் படி: ஐந்தாம் அத்தியாயத்துக்குத் தாவுங்கள்

இரண்டு, மூன்று, நான்கைத் தாண்டி நேரே ஐந்துக்குப் போங்கள். கொடுக்கல் வாங்கலைப் பற்றிய இந்தக் கட்டுரை முதலில் 1965-ல் வந்தது. புதியவர்களுக்கு உடனே கைகொடுப்பது இதுதான்.

கொடுக்கல் வாங்கலை ஒரு நீண்ட கோடாக அடுக்குகிறார். ஒரு முனையில் கணக்கில்லாத கொடுப்பு: தாய் குழந்தைக்கு ஊட்டுவது போன்றது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், யாரும் தேதி குறிப்பதில்லை. நடுவில் சமமான கைமாற்று: கொடுத்ததற்கு ஈடாக, குறித்த காலத்துக்குள், ஏறக்குறைய அதே மதிப்பில் வர வேண்டும். மறுமுனையில் எதுவும் கொடுக்காமல் எடுக்கப் பார்ப்பது: கடும் பேரம், ஏமாற்று, திருட்டு, கொள்ளை வரைக்கும். அப்புறம் இந்தக் கோட்டை உறவின் தூரத்தோடு பொருத்துகிறார். வீட்டுக்குள் முதல் வகை, சொந்தபந்தம் தாண்டித் தாண்டிப் போகப் போக நடுவகை, அந்நியரிடம் மூன்றாம் வகை.

பலர் இதை மூன்று பெட்டிகளாக மனப்பாடம் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கட்டுரையின் உயிர் அதற்குப் பிறகு இருக்கிறது: கொடுப்பதே தூரத்தை மாற்றும். உறவு இருப்பதால் கொடுக்கிறோம் என்பதோடு, கொடுப்பதால் உறவு உண்டாகிறது. யாராவது தேவைக்கு மேல் தாராளமாகக் கொடுத்தால் வாங்கியவர் கீழே போகிறார், கொடுத்தவர் மேலே போகிறார். பதவியும் செல்வமும் வேறுபடும் இடத்தில் கொடுப்பு எப்படி அதிகாரமாகிறது என்பதைப் படிக்கும்போது நிதானமாக இருங்கள்.

இங்கே ஒரு பயிற்சி. நீங்கள் அண்மையில் கொடுத்ததையும் வாங்கியதையும் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்: பணம், சாப்பாடு, நேரம், உதவி, சிபாரிசு எல்லாம். ஒவ்வொன்றும் கோட்டில் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். திரும்பக் கேட்கத் தயங்கும் கடன் ஒன்று கட்டாயம் வரும். அது எந்த இடத்தில் விழுகிறது என்று முடிவு செய்ய முடியாமல் திணறுவீர்கள். அந்தத் திணறலையும் எழுதிவையுங்கள், சாலின்ஸின் வகைப்பாட்டுக்கு எங்கே போதாமை இருக்கிறது என்று பிறகு யோசிக்க அது உதவும்.

கட்டுரையின் பின்னிணைப்பு நீளமானது, பல சமூகங்களின் குறிப்புகள் நிறைந்தது. அதைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

நான்காம் படி: ஒரு வெளிக் கட்டுரை, பிறகு கடினமான இரண்டு அத்தியாயங்கள்

1963-ல் சாலின்ஸ் எழுதிய சிறிய கட்டுரை ஒன்று, பசிபிக் தீவுப் பகுதிகளான மெலனீசியாவின் பெருமனிதரையும் பாலினீசியாவின் தலைவரையும் ஒப்பிடுகிறது. முன்னவர் தன் முயற்சியால் எழுகிறவர். பன்றி வளர்த்து, விருந்து வைத்து, கடன்பட்டவர்களைச் சேர்த்து, பெயர் வாங்குகிறார். பின்னவர் பிறப்பால் பதவிக்கு வருகிறார், அந்தப் பதவிக்கே மக்களின் உழைப்பைக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஒப்பீடு மிகவும் நேர்க்கோடாக இருக்கிறது, உண்மையில் மெலனீசியாவிலும் பரம்பரைத் தலைவர்கள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் சரியாகவே குறை சொன்னார்கள். ஆனாலும் முதலில் படியுங்கள். ஏனென்றால் அடுத்து வரும் இரண்டு, மூன்றாம் அத்தியாயங்களின் முடிச்சு இந்தப் பெருமனிதரிடம்தான் இருக்கிறது.

அந்த இரண்டு அத்தியாயங்கள் குடும்ப உற்பத்தி முறையைப் பற்றியவை. குடும்பம் தனக்கு வேண்டியதற்காக மட்டும் உழைத்தால் நிலமும் ஆளும் முழுதாகப் பயன்படாமல் கிடக்கும் என்பது தொடக்கம். காங்கோவின் காசாய் ஆற்றின் இரு கரைகளில் வாழும் லெலே, புஷோங் மக்களைப் பற்றி மேரி டக்ளஸ் எழுதியதை இங்கே எடுத்தாள்கிறார். புஷோங் ஆண் இருபது வயதுக்கு முன்பே முழு உழைப்பில் இறங்கி அறுபது தாண்டும்வரை உழைப்பார். லெலே ஆண் முப்பதை ஒட்டித் தொடங்கி ஐம்பத்தைந்தை ஒட்டி ஓய்ந்துவிடுவார். ஏறக்குறைய ஒரே மாதிரி நிலப்பகுதி. வேறுபாடு திருமணம், வயது, அரசியல் அமைப்பு ஆகியவற்றில் இருக்கிறது.

அப்புறம் சயானோவின் விதி வரும். ரஷ்ய விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்த சயானோவ், உழைக்கிறவர்களுக்கு ஏற்பச் சாப்பிடுகிறவர்கள் குறைவாக இருக்கும் குடும்பத்தில் ஒவ்வொருவரும் குறைவாக உழைக்கிறார் என்று காட்டினார். அவர் ஸ்டாலின் காலத்தில் 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கில உலகம் அவரை 1966-ல் வந்த மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் பரவலாக அறிந்தது. சாலின்ஸ் இந்த விதியை எடுத்து ஒரு வரைபடம் போடுகிறார். குடும்பங்கள் தங்களுக்காக மட்டும் உழைத்தால் கோடு எப்படிச் சாய வேண்டும், உண்மையில் எப்படிச் சாய்கிறது?

வரைபடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வீடு தனக்குத் தேவையானதைவிட ஏன் அதிகம் உழைக்கிறது? இன்றைய சாம்பியாவில் உள்ள மஸுலு ஊரையும் நியூ கினியில் 'கப்பாவுக்கு' எனப்படும் மக்களின் ஊரையும் ஒப்பிடும்போது பதில் வருகிறது. சில வீடுகள் பெருமனிதராகும் ஆசைக்காகவோ, உறவுக் கடமைக்காகவோ, தலைவர் கேட்டதற்காகவோ தேவைக்கு மேல் உழைக்கின்றன. அந்த உபரிதான் அரசியலின் தீனி. கோடு எதிர்பார்த்த இடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அளந்தால் சமூகம் குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் கைநீட்டியிருக்கிறது என்று தெரியும். எண்களைக்கொண்டு அதிகாரத்தைப் பார்க்கும் இந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். மஸுலுவில் இருபது வீடுகள்தான் இருந்தன, அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக்கூடாது என்பதும் உண்மை.

பெண்ணியப் பார்வை உள்ள வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வீட்டை ஒரே ஆளாகப் பாவிக்கிறாரே, வீட்டுக்குள் யார் உழைக்கிறார், யார் பங்கிடுகிறார்? இதில் சாலின்ஸ் உங்களுக்கு அதிகம் உதவ மாட்டார்.

ஐந்தாம் படி: நான்கும் ஆறும்

நான்காம் அத்தியாயத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். மார்செல் மோஸ் 1925-ல் எழுதிய, கொடையைப் பற்றிய நீண்ட கட்டுரையை முதலில் முடித்துவிடுங்கள். மாவோரி அறிஞர் தமாட்டி ரனாபிரி சொன்ன ஒரு விளக்கம்தான் இரண்டுக்கும் மையம். ஒருவர் கொடுத்த பொருளை வாங்கியவர் மூன்றாமவருக்குக் கொடுக்கிறார்; மூன்றாமவரிடமிருந்து ஏதாவது திரும்பி வந்தால் அதை முதலில் கொடுத்தவரிடம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேடு வரும். பொருளுக்குள் இருக்கும் ஆவி திரும்பி வரத் துடிக்கிறது என்று மோஸ் வாசித்தார். மூன்றாவது ஆள் எதற்கு என்று சாலின்ஸ் கேட்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்து, பேச்சு ஆவியைப் பற்றியது அல்ல, கொடையிலிருந்து விளைந்த பலனைப் பற்றியது, ஒருவர் கொடுத்ததன் பலனை இன்னொருவர் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அறம் என்று வந்து சேர்கிறார். ஒரு பழைய பிரதியை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இந்தப் புத்தகத்தில் கிடையாது.

ஆறாம் அத்தியாயம் பழங்குடி வணிகத்தில் மதிப்பு எப்படித் தீர்மானமாகிறது என்று கேட்கிறது. நியூ கினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் நடுவே படகில் வணிகம் செய்த சியாஸி தீவினரின் கதைக்காகவே படிக்கலாம். ஒரு பன்றியில் தொடங்கி, அதைச் சவ்வரிசிக்கும் சவ்வரிசியைப் பானைக்கும் மாற்றி, பானைகளைக் கடைசிக் கரையில் ஐந்து முதல் பத்துப் பன்றிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பானைகள் ஆழ்கடல் சிப்பிகளின் ஓடுகள் என்று வாங்குகிறவர்களை நம்பவைத்திருந்தார்கள். வாங்குகிறவருக்கு உற்பத்தி நடக்கும் இடம் தெரியாது, போய்ப் பார்க்கவும் வழியில்லை. விலை அந்த அறியாமையில் நிற்கிறது.

இதற்குப் பிறகு

அடுத்த பெரிய புத்தகம் 1976-ல் வந்த 'கல்ச்சர் அண்ட் பிராக்டிகல் ரீசன்'. முழுதும் கனமான கோட்பாடு. புதியவர்கள் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் மாட்டைச் சாப்பிட்டு நாயையும் குதிரையையும் ஏன் ஒதுக்குகிறார்கள், மாட்டின் ஒரு பாகத்துக்கு அதிக விலை, உள்ளுறுப்புக்கு ஏன் குறைந்த விலை என்று கேட்கிறார். சத்தோ அளவோ இதை விளக்காது. எது மனிதருக்கு எவ்வளவு நெருக்கம் என்ற வகைப்பாடுதான் தட்டிலும் சந்தையிலும் விலையாக வருகிறது. முதல் புத்தகத்தில் வேட்டையாடிகளிடம் கேட்ட கேள்வியை இங்கே தன் சொந்த ஊர்க்காரர்களிடம் கேட்கிறார் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

உலக வணிகத்தில் ஆர்வம் இருந்தால் 1988-ல் வந்த, முதலாளியத்தின் அண்டவியல்கள் பற்றிய உரையைத் தேடுங்கள். சீனா, ஹவாய், வட அமெரிக்க வடமேற்குக் கடற்கரை மூன்றும் ஐரோப்பியச் சரக்கை ஒரே மாதிரி வாங்கவில்லை, தங்கள் தங்கள் கணக்கில் வாங்கின என்று காட்டுகிறது. 2000-ல் வந்த 'கல்ச்சர் இன் பிராக்டிஸ்' தொகுப்பில் அது இருக்கிறது.

கேப்டன் குக்கின் சாவைப் பற்றிச் சாலின்ஸுக்கும் இலங்கையில் பிறந்த கணநாத் ஒபேசேகரவுக்கும் நடந்த வாதம் புகழ்பெற்றது, ஆனால் அது பொருளாதாரத்தைப் பற்றியது அல்ல. இப்போதைக்கு விடலாம். 1958, 1968-ல் வந்த ஆரம்பகாலப் புத்தகங்களையும் அப்படியே.

பதிப்பு தேர்வதென்றால், 'ஸ்டோன் ஏஜ் எகனாமிக்ஸ்' நூலின் 2017 பதிப்பில் அவருடைய மாணவர் டேவிட் கிரேபரின் முன்னுரை இருக்கிறது; அதை ஐந்து படிகளும் முடிந்த பிறகு படியுங்கள், முன்னால் படித்தால் அவர் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். பழைய பதிப்பு கிடைத்தாலும் குறையில்லை, கட்டுரைகள் அதே ஆறுதான். அங்கிருந்து கிரேபர் கடனைப் பற்றி 2011-ல் எழுதிய பெரிய நூலுக்குப் போகலாம். ஐந்தாம் அத்தியாயத்துக்காக எழுதிய கொடுக்கல் வாங்கல் குறிப்பை அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பக் கேட்கத் தயங்கிய அந்தக் கடனைப் பற்றி கிரேபர் நிறையப் பேசுகிறார்.